கப்பமா, கப்பலா? அமெரிக்காவின் முதல் கடற்போர்க் கணக்கு

கேள்வி இதுதான்: சுதந்திரப் போர் முடிந்து இருபது ஆண்டு கூட நிறையாத அமெரிக்கா, அட்லாண்டிக்கைக் கடந்து வந்து வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரோடு ஏன் மோதியது? கேட்ட பணத்தைக் கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்காதா? அது உண்மையில் மதப் போரா?

மலிவாகத்தான் முடிந்திருக்கும். 1801இல், இன்றைய லிபியாவில் உள்ள திரிபோலியின் ஆட்சியாளரான பாஷா கேட்டது 2,25,000 டாலர் ரொக்கமும் அதன் பிறகு ஆண்டுக்கு 25,000 டாலரும். அவரோடு சண்டையிட்ட நான்கு ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படைக்கு ஆண்டொன்றுக்கே பத்து லட்சம் டாலரை ஒட்டியும் அதைத் தாண்டியும் செலவானது. எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் பணத்தைக் கொடுத்துவிடு என்றுதான் சொல்லியிருப்பார். இருந்தும் போருக்குப் போனார்கள் என்றால், கணக்கைத் திரிபோலியோடு நிறுத்தாமல் போட்டார்கள் என்று பொருள்.

முதலில் எதிராளி யார் என்று பார்த்துவிடலாம். அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி ஆகிய மூன்றும் பெயரளவில் ஒட்டோமான் சுல்தானுக்குக் கட்டுப்பட்டவை. நடைமுறையில் தனி அரசுகள். மொராக்கோ தனி சுல்தானகம். இவற்றின் கப்பல் தலைவர்கள் நடுக்கடலில் திரிந்த நாடோடிக் கூட்டம் அல்ல. அரசின் உரிமத்தோடு புறப்பட்டார்கள். பிடித்ததில் அரசுக்குப் பங்கு கொடுத்தார்கள். விதி எளிமையானது. எங்களோடு உடன்படிக்கை இல்லாத நாடு எங்களோடு போரில் இருக்கும் நாடு. அதன் கப்பலும் சரக்கும் ஆட்களும் எங்களுக்கு. உடன்படிக்கைக்கு விலை உண்டு. விலையைக் கொடுத்தால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். சீட்டுள்ள கப்பலை யாரும் தொடமாட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் நம் கடல்களில் போர்ச்சுகீசியர் நடத்திய 'கர்த்தாஸ்' வசூலும் இதே ஏற்பாடுதான். மத்தியதரைக் கடலின் மறுபுறத்தில் மால்டாவின் கிறிஸ்தவ வீரர்கள் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்து, ஆட்களை அடிமைகளாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். நெப்போலியன் 1798இல் தீவைக் கைப்பற்றும்வரை அவர்கள் அங்கே இருந்தார்கள்.

இவ்வளவு பெரிய கடற்படை வைத்திருந்த பிரிட்டனும் பிரான்சும் ஏன் இதைப் பொறுத்துக்கொண்டன என்பதுதான் சுவையான பகுதி. பொறுத்துக்கொள்வதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. பெரிய நாடுகள் கொடுத்த பரிசுகள் அவற்றின் வணிகத்தோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் அதே தொகை சிறிய நாடுகளை மூச்சுத்திணற வைத்தது. போட்டியாளனைச் சந்தையிலிருந்து துரத்தும் வேலையை வேறு யாரோ செய்து கொடுத்தார்கள். "அல்ஜியர்ஸ் என்று ஒன்று இல்லாவிட்டால், இங்கிலாந்து செலவு செய்து ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம்" என்று லண்டன் வணிகர்களிடையே ஒரு பேச்சு உண்டு என்பதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1783இல் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். நடந்ததில் பாதியை இந்த ஒரு வரி விளக்கிவிடும்.

1776 வரை அமெரிக்கக் கப்பல்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ், பிரிட்டிஷ் சீட்டோடு மத்தியதரைக் கடலில் போய்வந்தன. சுதந்திரம் வந்தது, சீட்டு போயிற்று. அங்கே அவர்களுக்கு இருந்த வணிகம் சிறியதல்ல. சுதந்திரப் போருக்கு முன் அமெரிக்கா ஏற்றுமதி செய்த கோதுமை, மாவில் ஆறில் ஒரு பங்கும், உலர்த்திய, உப்பிட்ட மீனில் நான்கில் ஒரு பங்கும் அந்தச் சந்தைக்குப் போயின. ஆண்டுக்கு 80 முதல் 100 கப்பல்கள், சுமார் 1,200 மாலுமிகள். 1790இல் வெளியுறவு அமைச்சராக இருந்த தாமஸ் ஜெபர்சன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையில் உள்ள கணக்கு இது.

1784இல் மொராக்கோ 'பெட்சி' என்ற கப்பலைப் பிடித்தது. மொராக்கோ சுல்தானுக்கு வேண்டியது சண்டை அல்ல, உடன்படிக்கை. அமெரிக்கர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததால்தான் கப்பலைப் பிடித்தார். 1786இல், ஆண்டுக் கப்பம் இல்லாமலே ஒப்பந்தம் முடிந்தது. அல்ஜியர்ஸ் வேறு மாதிரி. 1785 ஜூலையில் 'மரியா', 'டாஃபின்' என்ற இரண்டு கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறைவைத்தது. அவர்களை மீட்க அல்ஜியர்ஸ் ஆட்சியாளரான டே கேட்டது 59,496 டாலர். பேசப்போன தூதரிடம் தலைக்கு 200 டாலர் கொடுக்கத்தான் அதிகாரம் இருந்தது. பேச்சு முறிந்தது. உயிரோடு எஞ்சியவர்களில் பெரும்பாலோர் விடுதலையானது 1796இல்தான். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேத்கார்ட் அடிமையாகத் தொடங்கி, டேயின் கிறிஸ்தவச் செயலாளர் பதவிவரை உயர்ந்தார். அவரைப் பிறகு சந்திப்போம்.

1786இல் லண்டனில், ஐரோப்பாவில் அமெரிக்கத் தூதர்களாக இருந்த ஜான் ஆடம்ஸும் ஜெபர்சனும் திரிபோலியின் தூதர் அப்துல் ரஹ்மானைச் சந்தித்தார்கள். உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத எங்கள் மீது எந்த நியாயத்தில் கைவைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தம் மத நூலிலேயே அதற்கு அனுமதி இருக்கிறது என்று தூதர் பதில் சொன்னதாக இருவரும் அறிக்கை அனுப்பினார்கள். மதப் போர் என்று வாதிடுபவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதே தூதர் அதே பேச்சில் ஒரு விலைப்பட்டியலையும் முன்வைத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. திரிபோலியோடு செய்து, 1797இல் அமெரிக்க செனட் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்று சொல்கிறது. இன்னொன்றும் உண்டு: போர் வந்தபோது திரிபோலியின் கடற்படைத் தலைவர் முராத் ரயீஸ், பிறப்பால் பீட்டர் லைல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். மதம் மாறி, பாஷாவின் மகளை மணந்தவர். மதம் இருந்தது, மறுக்கவில்லை. வண்டியை இழுத்தது பணம்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் வாதம் தெளிவாக இருக்கிறது. ஆடம்ஸ் கொடுத்துவிடலாம் என்றார். போர் கூடாது என்று அவர் சொல்லவில்லை. என்றென்றும் போரிடத் தயாராக இல்லாவிட்டால் தொடங்கவே கூடாது, நம் மக்கள் அதற்கான செலவைத் தாங்க மாட்டார்கள் என்றார். ஜெபர்சனோ, இன்று கொடுப்பவனிடம் நாளை அதிகம் கேட்பார்கள் என்றார். சிறு நாடுகள் கப்பல்களைச் சேர்த்து நிரந்தரமாகக் கடலில் சுற்றிவரும் கூட்டணி ஒன்றையும் முன்மொழிந்தார். நல்ல யோசனைதான், கப்பல்தான் இல்லை. சுதந்திரப் போரில் எஞ்சிய கடைசிப் போர்க்கப்பலான 'அலையன்ஸ்' 1785இலேயே விற்கப்பட்டிருந்தது. அன்றைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கையேந்த வேண்டும், அவை கொடுத்தால் உண்டு. கொடுப்பதா சண்டையிடுவதா என்பது இருவருக்கும் வெறும் ஏட்டு விவாதம்தான், இரண்டுக்கும் காசில்லை.

1789இல் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து, மத்திய அரசுக்குச் சுங்கவரி வசூலிக்கும் அதிகாரம் கிடைத்தது. வரி போடவும் கடற்படை அமைக்கவும் வலுவான மத்திய அரசு வேண்டும் என்று வாதிட்டவர்கள் அல்ஜியர்ஸ் கைதிகளையும் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் உடனே எதுவும் நடக்கவில்லை. 1793இல் பிரிட்டிஷ் தூதரின் முயற்சியால் போர்ச்சுகலும் அல்ஜியர்ஸும் போர்நிறுத்தம் செய்துகொண்டன. அதுவரை ஜிப்ரால்டர் நீரிணையை அடைத்து நின்றது போர்ச்சுகல் கடற்படைதான். வாசல் திறந்ததும் அல்ஜியர்ஸ் கப்பல்கள் அட்லாண்டிக்குக்குள் பாய்ந்து, சில மாதங்களில் 11 அமெரிக்கக் கப்பல்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகளையும் பிடித்தன.

அப்போதுதான் ஆறு பெரிய போர்க்கப்பல்கள் கட்டும் சட்டம் வந்தது, 1794 மார்ச் 27இல். எதிர்த்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். நிரந்தரக் கடற்படை வந்தால் கடனும் வரியும் கூடும், ஐரோப்பியச் சண்டைகளில் சிக்கிக்கொள்வோம் என்பது அவர்கள் அச்சம். அவர்களைச் சமாதானப்படுத்த, அல்ஜியர்ஸோடு சமாதானம் ஏற்பட்டால் கட்டுமானத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரு பிரிவும் சட்டத்தில் சேர்ந்தது. கப்பல்களை வடிவமைத்தவர் பிலடெல்பியாவின் ஜோஷுவா ஹம்ப்ரீஸ். எண்ணிக்கையில் ஐரோப்பாவை எட்ட முடியாது என்பதால், சம வகைக் கப்பலை அடிக்கும் வலுவும் பெரிய கப்பலைக் கண்டால் ஓடும் வேகமும் வேண்டும் என்று திட்டமிட்டார்.

கப்பல்கள் தளத்தில் எலும்புக்கூடாக நிற்கும்போதே, 1795 செப்டம்பரில் அல்ஜியர்ஸோடு ஒப்பந்தம் முடிந்தது. விலை 6,42,500 டாலர்; அதற்கு மேல் ஆண்டுதோறும் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பல் தளவாடங்கள். பணம் வரத் தாமதமானதால் டே கோபப்பட, அவரைச் சமாதானப்படுத்தப் புதுப் போர்க்கப்பல் ஒன்றைக் கட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். கடல் திருடனைத் தடுக்கக் கப்பல் கட்டத் தொடங்கியவர்கள், அவனுக்கே ஒரு கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். 1796இல் மத்திய அரசின் மொத்த வருவாய் எண்பது லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஆறு கப்பல்களில் ஒன்றான 'கான்ஸ்டிடியூஷன்' கட்டி முடிக்க ஆனது 3,02,718 டாலர். அல்ஜியர்ஸுக்கு ஒரே தடவையில் கொடுத்த தொகைக்கு அப்படிப்பட்ட இரண்டு கப்பல்கள் மிதந்திருக்கும்.

ஒரு கிளைப் பேச்சு. வெள்ளைக்கார மாலுமிகள் ஆப்பிரிக்காவில் அடிமைப்பட்டிருப்பதை எண்ணி அமெரிக்கப் பத்திரிகைகள் கண்ணீர் வடித்த காலத்தில், அதே நாட்டில் சுமார் ஏழு லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். 1790இல், சாவதற்குச் சில வாரங்கள் முன்பு, பிராங்க்ளின் இதைக் கிண்டல் செய்து எழுதினார். கிறிஸ்தவ அடிமைகளை விடுவித்தால் நம் வயலை யார் உழுவது என்று ஓர் அல்ஜீரியப் பெரியவர் வாதிடுவதுபோன்ற கற்பனைப் பேச்சு அது. தென் மாநில உறுப்பினர் ஒருவர் காங்கிரஸில் பேசியதன் வாதங்களையே அந்தப் பெரியவர் வாயில் வைத்திருந்தார்.

"பாதுகாப்புக்குக் கோடிகள், கப்பத்துக்கு ஒரு காசும் இல்லை" என்ற முழக்கம் இந்தப் போரோடு சேர்த்துச் சொல்லப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். தவறு. பிரெஞ்சு அமைச்சரின் ஆட்கள் லஞ்சம் கேட்ட செய்தி 1798இல் வெளியானபோது எழுந்த முழக்கம் அது. அதை முழங்கிய ஆண்டிலும் அல்ஜியர்ஸுக்குக் கப்பம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்திவைத்த கப்பல்கள் எல்லாம் கட்டி முடிக்கப்பட்டதும், கடற்படைக்கெனத் தனி அமைச்சகம் வந்ததும் பிரான்சோடு மூண்ட அந்தத் தகராறால்தான்.

1800இல் நடந்த ஒன்று பலரின் மனத்தை மாற்றியது. கேப்டன் வில்லியம் பெயின்பிரிட்ஜ் 'ஜார்ஜ் வாஷிங்டன்' என்ற கப்பலில் கப்பத்தை ஏற்றிக்கொண்டு அல்ஜியர்ஸ் துறைமுகத்துக்குள், கோட்டைப் பீரங்கிகளின் எல்லைக்குள், போய் நங்கூரமிட்டார். தம் தூதரையும் பரிசுகளையும் ஒட்டோமான் சுல்தானிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி டே உத்தரவிட்டார். மறுத்தபோது, கப்பம் கட்டுகிறவர்கள் எனக்கு அடிமைகள்தானே என்றார். சிங்கம், புலி, ஆடு மாடு, கிளி, கூட இருநூறு பேர் என்று நிரம்பி வழிந்த அமெரிக்கப் போர்க்கப்பல், தலைப்பாய்மரத்தில் அல்ஜியர்ஸ் கொடியோடு கான்ஸ்டான்டிநோபிள் போனது. அங்கே அமெரிக்கக் கொடியை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நாட்டின் முதல் அதிபர் பெயர் தாங்கிய கப்பலுக்கு வந்த இந்தக் கதி, எந்தக் கணக்கிலும் அடங்காத செலவு.

திரிபோலியின் பாஷா யூசுப் கரமான்லி, ஒரு அண்ணனைக் கொன்று, இன்னொரு அண்ணனைத் துரத்திவிட்டு ஆட்சிக்கு வந்தவர். அல்ஜியர்ஸுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தமக்குக் கிடைக்கவில்லை என்பதும், தம்மை அல்ஜியர்ஸின் கீழ் உள்ளவராக நடத்துகிறார்கள் என்பதும் அவர் குறை. அவர் நிலையிலிருந்து பார்த்தால் நியாயமான குறைதான். 1801 மே 14இல் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்தார். போர் அறிவிப்பின் வழக்கம் அது. அப்போது அங்கே தூதராக இருந்தவர் முன்னாள் அடிமை கேத்கார்ட்.

ஜெபர்சன் அப்போதுதான் அதிபராகியிருந்தார். 1786இல் போர் வேண்டும் என்றவர், இப்போது செலவைக் குறைக்கக் கடற்படையைச் சுருக்கிக்கொண்டிருந்தவர். இருந்தும், போர்ச் செய்தி வருவதற்கு முன்பே ரிச்சர்ட் டேல் தலைமையில் நான்கு கப்பல்களை அனுப்பினார். ஜிப்ரால்டரில் முராத் ரயீஸின் கப்பல் நிற்பதைக் கண்டு டேல் அதை அங்கேயே முடக்கிப்போட்டார். ஆகஸ்ட் 1இல் 'என்டர்பிரைஸ்' என்ற சிறு கப்பல் 'திரிபோலி' என்ற 14 பீரங்கிக் கப்பலோடு மோதி, தன் பக்கம் ஒருவர்கூடச் சாகாமல் வென்றது. வென்ற கப்பலை என்ன செய்தார்கள் தெரியுமா? பீரங்கிகளைக் கடலில் தள்ளி, பாய்மரத்தை வெட்டி, போகவிட்டார்கள். காங்கிரஸ் போருக்கு அனுமதி தராததால் தற்காப்புக்கு மேல் எதுவும் செய்ய அதிகாரம் இல்லை என்பது ஜெபர்சனின் நிலைப்பாடு. எதிரியே போரைத் தொடங்கிவிட்ட பிறகு என்ன அனுமதி என்று முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கேலி செய்தார். காங்கிரஸ் 1802 பிப்ரவரியில் அதிகாரம் வழங்கியது. அதிபர் தனியாக எவ்வளவு தூரம் போகலாம் என்ற அமெரிக்கத் தகராறின் தொடக்கங்களில் ஒன்று இது.

அடுத்து வந்த தளபதி மோரிஸ் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியதைத் தவிர அதிகம் செய்யவில்லை, பதவி பறிபோனது. 1803இல் வந்த எட்வர்ட் பிரீபிள் கறாரானவர். அவர் வந்த நேரத்தில்தான் பேரிடியும் விழுந்தது. அக்டோபர் 31இல் எதிரிக் கப்பலைத் துரத்திய 'பிலடெல்பியா', திரிபோலிக்கு அருகே வரைபடத்தில் இல்லாத பாறைத்திட்டில் ஏறிச் சிக்கியது. 307 பேர் கைதானார்கள். கேப்டன் யார் என்றால், அதே பெயின்பிரிட்ஜ். அலை உயர்ந்ததும் திரிபோலிக்காரர்கள் கப்பலை மிதக்கவிட்டுத் துறைமுகத்துக்குள் இழுத்துப்போனார்கள்.

அந்தக் கப்பல் எதிரியிடம் இருக்கக்கூடாது. 1804 பிப்ரவரி 16 இரவில், 25 வயது ஸ்டீபன் டெக்கேட்டர் சுமார் எழுபது பேரோடு, எதிரியிடமிருந்து பிடித்த சிறு கப்பல் ஒன்றில் துறைமுகத்துக்குள் நுழைந்தார். முன்னால் நின்று பேசியவர் சால்வதோர் கதலானோ என்ற சிசிலி மாலுமி. புயலில் நங்கூரம் போய்விட்டது, இரவு மட்டும் உங்கள் பக்கத்தில் கட்டிக்கொள்கிறோம் என்று உள்ளூர் மொழியில் கெஞ்சினார். கயிறு வீசிக் கட்டிய பிறகுதான் காவலர்களுக்கு விஷயம் புரிந்தது. அரை மணி நேரத்துக்குள் பிலடெல்பியா கொழுந்துவிட்டு எரிந்தது. அமெரிக்கர் ஒருவரும் சாகவில்லை. ஆனால் கைதிகள் கைதிகளாகவே இருந்தார்கள். ஆகஸ்டில் பிரீபிள் நகரத்தின் மீது மீண்டும் மீண்டும் குண்டு வீசினார். ஆழமற்ற நீரில் போகும் பீரங்கிப் படகுகள் அமெரிக்காவிடம் இல்லாததால், நேப்பிள்ஸ் அரசரிடம் ஆறு படகுகளை இரவல் வாங்கினார். பாஷா பணியவில்லை.

அவரைப் பணியவைத்ததில் நிலத்துக்கும் பங்குண்டு. துனிஸில் முன்பு தூதராக இருந்த வில்லியம் ஈட்டன், துரத்தப்பட்ட அண்ணன் ஹாமத்தை எகிப்தில் தேடிப்பிடித்தார். எட்டு அமெரிக்க மரீன் படையினர் (கப்பலோடு போகும் போர்வீரர்கள்), கிரேக்கக் கூலிப்படையினர், சம்பளம் போதாதென்று வழியெல்லாம் மறியல் செய்த அரபு ஒட்டகக்காரர்கள் எனச் சில நூறு பேரோடு அலெக்சாண்டிரியாவிலிருந்து சுமார் 500 மைல் பாலைவனம் கடந்து, 1805 ஏப்ரல் 27இல் டெர்னா நகரைக் கைப்பற்றினார். அமெரிக்க மரீன் படையின் பாடலில் திரிபோலிக் கரை வருவது இதனால்தான்.

ஈட்டன் திரிபோலி நோக்கிப் புறப்படத் துடித்தபோது, தூதர் டோபியாஸ் லியர் ஜூனில் சமாதானம் பேசி முடித்துவிட்டார். ஆண்டுக் கப்பம் இல்லை. ஆனால் கைதிகளை மீட்க 60,000 டாலர். வெற்றி என்று கொண்டாடப்பட்ட போர் முடிந்ததும் பணம் கொடுத்துத்தான். கைதிகளைப் பாஷா கொன்றுவிடக்கூடும் என்ற அச்சத்தை நினைத்தால் லியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹாமத்துக்குச் செய்தது வேறு. அவரை இரவோடு இரவாக டெர்னாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நம்பி வந்த நகரத்தாரை யூசுப்பிடம் விட்டுவிட்டார்கள். ஹாமத்தின் மனைவி மக்களை நான்கு ஆண்டு யூசுப்பே வைத்துக்கொள்ளலாம் என்ற இரகசியப் பிரிவும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஈட்டன் சாகும்வரை இதை மன்னிக்கவில்லை.

அப்படியானால் ஜெபர்சன் சொன்னது பொய்யானதா? முழுக்க அல்ல. 1803இல் மொராக்கோவும் 1805இல் துனிஸும் மோதத் தயங்கிப் பின்வாங்கியது அமெரிக்கப் போர்க்கப்பல்களைக் கண்டுதான். செலவை ஈடுகட்ட, இறக்குமதிக்கு 2.5 சதவீதக் கூடுதல் வரி போட்டு 'மத்தியதரைக் கடல் நிதி' என்று பெயரிட்டார்கள். இருபது ஆண்டு முன்பு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் இந்த நான்கு ஆண்டுகளிலும் அல்ஜியர்ஸுக்கான கப்பம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வலியவனுக்குக் கொடுத்தார்கள், எளியவனோடு மோதினார்கள்.

அல்ஜியர்ஸின் முறை 1815இல் வந்தது. பிரிட்டனோடு 1812 போர் நடக்கும்போது டே அமெரிக்கத் தூதரை வெளியேற்றி ஒரு கப்பலையும் பிடித்திருந்தார். அந்தப் போர் முடிந்த கையோடு டெக்கேட்டர் புறப்பட்டார். ஜூன் 17இல் அல்ஜியர்ஸின் புகழ்பெற்ற கடற்தலைவர் ஹமீது ரயீஸ் சண்டையில் இறந்தார். அவர் கப்பல் பிடிபட்டது. இரண்டு வாரத்துக்குள் டே கையெழுத்திட்டார்: இனிக் கப்பம் இல்லை, நட்டஈடாக 10,000 டாலரும் தருகிறேன். டெக்கேட்டர் அப்படியே துனிஸுக்கும் திரிபோலிக்கும் போய் 46,000, 25,000 என்று வசூலித்தார். பணம் எதிர்த்திசையில் ஓடியது அதுவே முதல் தடவை.

அமெரிக்கா தனியாக இந்தக் கொள்ளையை ஒழித்தது என்று முடிப்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். டெக்கேட்டர் போனதும் டே அந்த ஒப்பந்தத்தை ஒதுக்கிவைத்தார். 1816 ஆகஸ்ட் 27இல் எக்ஸ்மவுத் பிரபுவின் பிரிட்டிஷ் கப்பல்கள் டச்சுக் கப்பல்களோடு சேர்ந்து அல்ஜியர்ஸ் மீது பிற்பகல் தொடங்கி இரவுவரை குண்டு வீசி, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தன. அதன் பிறகு, டிசம்பரில்தான், டே அமெரிக்காவோடு மறுபடி கையெழுத்திட்டார். நெப்போலியன் போர்கள் முடிந்துவிட்ட ஐரோப்பாவுக்கு இப்போது 'ஒரு அல்ஜியர்ஸ்' தேவைப்படவில்லை. 1830இல் பிரான்ஸ் அந்த நகரத்தையே எடுத்துக்கொண்டு, 132 ஆண்டு வைத்திருந்தது.